பழைய கேமிங் கணினியில் எதை மாற்றலாம்? அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

பழைய கேமிங் கணினி திணறத் தொடங்கியதும் பெரும்பாலானவர்கள் புதிய கிராபிக்ஸ் கார்டைத் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். பல நேரம் அது சரியாகவும் அமைந்துவிடுகிறது. ஆனால் கோளாறு ரேமிலோ பிராசஸரிலோ இருந்தால், புதிய கார்டைப் பொருத்திய பிறகும் அதே இடத்தில் அதே திணறல் தொடரும். எந்தப் பாகம் மற்றவற்றைக் காக்க வைக்கிறது என்பதைக் கணினியே எண்களாகக் காட்டிவிடும். அதைப் படித்துவிட்டு வாங்கினால் பணம் வீணாகாது. உங்கள் அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். அளவெடுக்கும் பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

## முதலில் அளவெடுங்கள்

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளும், அதனுடன் சேர்ந்தே வரும் ரிவாடியூனரும் போதும். பெயரில் எம்எஸ்ஐ இருந்தாலும் மற்ற நிறுவனங்களின் கார்டுகளிலும் இது வேலை செய்யும். கேம் ஓடும்போது திரையின் ஓரத்தில் இவை தெரியும்படி வையுங்கள்: கிராபிக்ஸ் கார்டின் பயன்பாட்டு விழுக்காடு, அதன் வெப்பநிலை, வீடியோ மெமரி (கார்டிலேயே உள்ள மெமரி) எவ்வளவு நிரம்பியிருக்கிறது, பிராசஸரின் ஒவ்வொரு கோரின் (தனியாக வேலை செய்யும் உட்பகுதியின்) பயன்பாடும் தனித்தனியாக, பிராசஸரின் வேகமும் வெப்பநிலையும், ரேம் பயன்பாடு. இத்தனைக்கும் மேலாக, ஃபிரேம் டைம் வரைபடம்.

ஃபிரேம் டைம் என்பது ஒரு ஃபிரேம், அதாவது திரையில் காட்டப்படும் ஒரு படம், தயாராக எடுத்துக்கொள்ளும் நேரம். விநாடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒவ்வொன்றுக்கும் சராசரியாக 16.7 மில்லி விநாடி. இடையில் ஒரே ஒரு ஃபிரேம் 50 மில்லி விநாடி எடுத்துக்கொண்டால், மூன்று ஃபிரேம் நேரத்துக்குப் படம் அசையாமல் நிற்கும். கண்ணை அது உறுத்தும். எஃப்பிஎஸ் (விநாடிக்கு எத்தனை ஃபிரேம்) எண்ணோ 58 என்று காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். சராசரி எஃப்பிஎஸ்ஸை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். வரைபடத்தின் கோடு ஏறக்குறைய நேராக ஓடினால் எஃப்பிஎஸ் குறைவாக இருந்தாலும் ஆட்டம் இதமாக இருக்கும். ஊசி ஊசியாக மேலெழும்பினால் 100 எஃப்பிஎஸ்ஸிலும் எரிச்சல்தான்.

அளவெடுக்கும்போது, ஃபிரேம்களை மானிட்டரின் வேகத்தோடு ஒத்திசைக்கும் விசிங்க் வசதியையும் எஃப்பிஎஸ் வரம்பையும் அணைத்துவிடுங்கள். வரம்பு இருந்தால் கார்டு ஓய்வெடுப்பது இயல்பு. அதைக் கோளாறு என்று எண்ணிவிடக் கூடாது. கேமில் ஒரே இடத்தை, ஒரே பாதையைத் திரும்பத் திரும்ப ஓடிப் பாருங்கள். கூட்டம் நிறைந்த நகரம் பிராசஸரையும், மரங்கள் அடர்ந்த காடு கிராபிக்ஸ் கார்டையும் அதிகமாகச் சோதிக்கும். அரை மணி நேரமாவது ஓட விடுங்கள். சூடேறிய பிறகுதான் சில நோய்கள் தலைகாட்டும்.

## எஃப்பிஎஸ் குறைவு, கார்டு 97–99 விழுக்காட்டில் ஓடுகிறது

ஃபிரேம் டைம் கோடு நேராக இருக்கிறது, ஆனால் எண் 35, 40 என்று நிற்கிறது, கார்டு முழு மூச்சாக உழைக்கிறது. இருப்பதிலேயே தெளிவான அறிகுறி இதுதான்: கிராபிக்ஸ் கார்டுதான் தடை.

வாங்குவதற்கு முன் செட்டிங்ஸில் கை வையுங்கள். நிழல்கள், மூடுபனி, பிரதிபலிப்பு, ரே டிரேசிங் (ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிட்டு வெளிச்சம் காட்டும் முறை) ஆகிய நான்கும் உச்சத்தில் இருக்கும்போது விழுங்கும் சக்திக்கு ஈடான அழகைப் பெரும்பாலும் திருப்பித் தருவதில்லை. நிழலை உச்சத்திலிருந்து நடுத்தரத்துக்கு இறக்கினால் விளையாடும் வேகத்தில் கண்டுபிடிப்பது கடினம். டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்புப் படங்கள்) தரத்தை மட்டும் இறக்காதீர்கள். வீடியோ மெமரியில் இடம் இருக்கும்வரை அதற்குக் கிட்டத்தட்ட விலையே இல்லை. குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் எஃப்எஸ்ஆர் அல்லது எக்ஸ்இஎஸ்எஸ் வசதி கேமில் இருந்தால் அதன் ‘குவாலிட்டி’ நிலையைப் போட்டுப் பாருங்கள். எஃப்எஸ்ஆரின் முதல் இரண்டு தலைமுறைகளும் பழைய கார்டுகளிலும் ஓடும். அதே வேலையைச் செய்யும் டிஎல்எஸ்எஸ்ஸுக்கு மட்டும் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் வரிசை வேண்டும்.

அதற்கும் மசியவில்லையா? கார்டு மாற்றும் காலம் வந்துவிட்டது. ஆனால் வாங்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதையே வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எந்த செட்டிங்ஸையும் தொடாமல் ரெசல்யூஷனை மட்டும் 720பிக்கு, கேம் அனுமதித்தால் அதற்கும் கீழே இறக்குங்கள். கார்டின் சுமை குறைந்து பயன்பாடு 60, 70 விழுக்காட்டுக்கு இறங்கும். அப்போது வரும் எஃப்பிஎஸ்தான் உங்கள் பிராசஸர் தரக்கூடிய உச்சம். இன்று 1080பியில் 45 வருகிறது, 720பியில் 110 வருகிறது என்றால், நல்ல கார்டு போட்டால் 110 வரை ஏற இடம் இருக்கிறது. 720பியிலும் 55தான் வருகிறது என்றால், உலகின் மிக வேகமான கார்டைக் கொண்டுவந்து வைத்தாலும் இந்தக் கேமில் 55ஐத் தாண்ட மாட்டீர்கள்.

செட்டிங்ஸைத் தொடாதீர்கள் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. கூட்டத்தின் அடர்த்தி, பார்வைத் தூரம், ரே டிரேசிங் போன்றவை பிராசஸருக்கும் சுமை ஏற்றுபவை. அவற்றையும் சேர்த்து இறக்கினால் பிராசஸரின் உச்சம் பொய்யாக உயர்ந்து தெரியும்.

சோதனையில் தேறினால், கார்டைத் தேர்ந்தெடுக்கும்போது பழைய கணினிக்கே உரிய சில பொறிகளைக் கவனிக்க வேண்டும். உங்கள் மதர்போர்டில் கார்டை இணைக்கும் பாதையான பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 தலைமுறையாக இருக்கலாம். 2022இல் வந்த ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி அந்தப் பாதையின் நான்கு லேன்களை (தடங்களை) மட்டுமே பயன்படுத்தும் கார்டு; அதன் மெமரியும் 4 ஜிபிதான். 4.0 போர்டில் ஓரளவு சமாளிக்கும் அந்தக் கார்டு, 3.0 போர்டில் பாதி அகலப் பாதை மட்டுமே கிடைத்து, மெமரி நிரம்பியதும் தள்ளாடும். மலிவான கார்டு தேடும் பழைய கணினிக்காரர்கள்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள் என்பது வருத்தமான விஷயம். ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 4060 போன்றவை எட்டு லேன் கார்டுகள், 3.0 போர்டில் அவை இழப்பது பெரும்பாலும் சொற்பம். இன்டெல் ஆர்க் கார்டுகள் வேறு விதம்: கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் ஒரே நேரத்தில் அணுக விடும் ரீசைசபிள் பார் என்ற வசதி பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருளில்) இல்லாவிட்டால் தங்கள் வேகத்தில் பெரும் பங்கை இழந்துவிடும். பழைய போர்டுகள் பலவற்றில் அது கிடையாது.

பிறகு நீளம். கேபினெட்டுக்குள் டேப் வைத்து, பின்பக்கத் தகட்டிலிருந்து முன் ஃபேன் வரை அளந்து, கார்டின் நீளத்தோடு ஒப்பிடுங்கள். பவர் கேபிள் செருகும் இடத்துக்கும் வளைவுக்கும் கொஞ்சம் இடம் வேண்டும்.

## எஃப்பிஎஸ் குறைவு, ஆனால் கார்டு 50–60 விழுக்காட்டில் சோம்பியிருக்கிறது

கார்டு வேலைக்குக் காத்திருக்கிறது. அனுப்ப வேண்டிய பிராசஸரோ ரேமோ தாமதிக்கிறது. டாஸ்க் மேனேஜரில் பிராசஸர் பயன்பாடு 40 விழுக்காடு என்றுதானே காட்டுகிறது என்று கேட்பீர்கள். அது எல்லாக் கோர்களின் சராசரி. பெரும்பாலான கேம்களில் ஒரு முதன்மை வேலை ஒரே கோரில்தான் ஓடும். அந்த ஒரு கோர் 100ஐத் தொட்டுவிட்டால் மற்ற கோர்கள் சும்மா இருந்தும் பயனில்லை. கோர்களைத் தனித்தனியாகக் காட்டச் சொன்னது இதற்காகத்தான். விண்டோஸ் அந்த வேலையைக் கோர்களுக்கிடையே மாற்றிக்கொண்டே இருப்பதால் ஒரு கோரும் 100ஐத் தொடாதது போலத் தோன்றுவதும் உண்டு. கார்டின் பயன்பாடு தாழ்ந்திருப்பதே நம்பகமான சாட்சி.

பிராசஸரைக் குறை சொல்வதற்கு முன் ரேமைப் பாருங்கள். இந்த அறிகுறியோடு வரும் கணினிகளில் செலவே இல்லாமல் சரியாகிவிடுபவை பெரும்பாலும் இங்கேதான் இருக்கின்றன. டாஸ்க் மேனேஜரில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்தில் ‘மெமரி’யைத் தொடுங்கள். வேகம், எத்தனை ஸ்லாட்டில் ரேம் இருக்கிறது என்ற இரண்டும் தெரியும். அட்டையில் 3200 என்று எழுதியிருக்கும் டிடிஆர்4 ரேம் அங்கே 2133 அல்லது 2400 என்று காட்டினால், வாங்கிய நாள் முதல் அது முழு வேகத்தில் ஓடவே இல்லை. பயாஸுக்குள் சென்று, ரேமை அட்டையில் எழுதிய வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி என்பதை இயக்குங்கள். ஏஎம்டி போர்டுகளில் டிஓசிபி போன்ற பெயர்களிலும் இருக்கும். ரைசன் பிராசஸர்களுக்கு இது மிகவும் முக்கியம். அவற்றின் உட்பகுதிகளை இணைக்கும் பாதையின் வேகம் ரேமின் வேகத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. ரேம் நொண்டினால் பிராசஸரும் சேர்ந்து நொண்டும்.

அடுத்தது ஸ்லாட். ஒரே ஒரு ரேம் குச்சி இருந்தால், அல்லது இரண்டு குச்சிகள் ஒரே சேனலில் (ரேமுக்குச் செல்லும் இரு பாதைகளில் ஒன்றில்) பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில் இருந்தால், பாதையில் பாதி மூடிக்கிடக்கிறது என்று பொருள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டுகளில் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து எண்ணும்போது இரண்டாவதும் நான்காவதும்தான் சரியான ஜோடி. கையேட்டில் ஏ2, பி2 என்று போட்டிருப்பார்கள்.

எக்ஸ்எம்பியை முன்பே இயக்கியிருந்தும் திடீரென 2133க்குத் திரும்பியிருக்கிறதா? கணினியின் தேதியும் நேரமும் அவ்வப்போது தவறாக வருகிறதா? போர்டில் பதிந்திருக்கும் சிஆர்2032 காசு பேட்டரி தீர்ந்துவிட்டது. மின்சாரத்தைத் துண்டிக்கும்போதெல்லாம் பயாஸ் தன் செட்டிங்ஸை மறந்து ஆரம்ப நிலைக்குப் போய்விடுகிறது. ‘போன மாதம் வரை நன்றாக ஓடியது’ என்று சொல்லப்படும் கணினிகளில் இதை முதலில் பார்ப்பது நல்லது. மெயின் பவரை அணைத்து, பேட்டரியை மாற்றி, எக்ஸ்எம்பியை மறுபடி இயக்கினால் முடிந்தது.

இவ்வளவும் சரியாக இருந்தும் கார்டு காத்திருந்தால் பிராசஸரே தடை. இங்கே அதே சாக்கெட்டில் (போர்டில் பிராசஸர் உட்காரும் இடத்தில்) ஏற இடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ரைசன் பிராசஸர்களுக்கான ஏஎம்4 சாக்கெட் போர்டு வைத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். 2017இல் முதல் ரைசனோடு வாங்கிய போர்டுகளில் பலவும், பயாஸைப் புதுப்பித்தால், ரைசன் 5000 வரிசையை ஏற்கும். ரைசன் 5 1600 இருக்கும் இடத்தில் 5600 போட்டாலே வேறு கணினி போலத் தெரியும். 2022இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டியில் 96 எம்பி எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி) உண்டு. 1600இல் இருப்பது 16 எம்பி. கேம்களுக்கு இந்தக் கேஷ் மிகவும் பிடிக்கும். அதுவோ அதன் தம்பியான 5700எக்ஸ்3டியோ நியாயமாகக் கிடைத்தால், போர்டையும் ரேமையும் மாற்றாமல் இன்னும் சில ஆண்டுகளை ஓட்டிவிடலாம்.

இதில் வரிசை முக்கியம். பழைய பிராசஸர் போர்டில் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பியுங்கள்; இல்லாவிட்டால், புதியதைப் போட்ட பிறகு போர்டு அதை அடையாளம் காணாமல் கறுப்புத் திரையோடு நின்றுவிடும். சில போர்டுகளில் புதிய பயாஸ் மிகப் பழைய பிராசஸர்களுக்கான ஆதரவை நீக்கிவிடும் என்பதால், போர்டு நிறுவனத்தின் ஆதரவுப் பட்டியலை வரிவரியாகப் படித்துவிட்டுத் தொடங்குங்கள். டிரைவ் பிட்லாக்கரால் (விண்டோஸின் மறைகுறியாக்க வசதி) பூட்டப்பட்டிருந்தால், பயாஸைத் தொடுவதற்கு முன் அதன் மீட்புச் சாவியை வேறொரு சாதனத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கூலரைக் கழற்றும்போதும் கவனம் வேண்டும். ஏஎம்4 பிராசஸரின் ஊசிகள் அதன் அடியிலேயே இருப்பதால், இறுகிய பேஸ்ட்டோடு கூலரை நேராக மேலே இழுத்தால் பிராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து ஊசி வளைந்துவிடும். கணினியைச் சிறிது நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, மின் இணைப்பை எடுத்துவிட்டு, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகித் தளர்த்திய பிறகு தூக்குங்கள்.

இன்டெல் பக்கம் இவ்வளவு தாராளம் இல்லை. எல்ஜிஏ1151 என்ற ஒரே சாக்கெட் பெயரில் இரண்டு உலகங்கள் உள்ளன. 6, 7ஆம் தலைமுறைக்கு 100, 200 வரிசை போர்டுகள். 8, 9ஆம் தலைமுறைக்கு 300 வரிசை போர்டுகள். சாக்கெட்டில் உட்காரும், ஆனால் முறைப்படி ஒன்று மற்றொன்றில் இயங்காது. ஐ5-7400 வைத்திருப்பவர் தன் போர்டில் ஏறக்கூடிய உச்சம் நான்கு கோர், எட்டு திரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை இழைகள்) கொண்ட ஐ7-7700கே. அதைத் தேடிப் பிடித்துச் செலவழிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தப் பணம் புதிய போர்டுக்கான சேமிப்பில் போய்ச் சேரட்டும். 300 வரிசை போர்டில் நான்கு கோர் ஐ3 இருந்தால் ஆறு அல்லது எட்டு கோர் பிராசஸருக்கு ஏறுவது பலன் தரும்.

## பெரும்பாலும் சீராக ஓடுகிறது, நடுநடுவே உதறுகிறது

அதிகம் பேர் தவறாகக் கணிக்கும் அறிகுறி இது. உதறல் எவ்வளவு பெரியது என்பதைவிட, எப்போது வருகிறது என்பதே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும்.

ஒரு வெடிப்பையோ புதிய ஆயுதத்தையோ புதிய இடத்தையோ முதல்முறை பார்க்கும்போது மட்டும் உதறி, அதே இடத்துக்குத் திரும்பி வரும்போது உதறவில்லை என்றால், அது ஷேடர் (காட்சியை வரைய கார்டில் ஓடும் சிறு நிரல்) தொகுப்பு. கேம் தனக்கு வேண்டிய ஷேடர்களை ஓடும்போதே உங்கள் கார்டுக்கு ஏற்றபடி தயாரித்துக்கொள்கிறது. எந்தப் பாகத்தை வாங்கினாலும் இது முழுதாகப் போகாது. வேகமான பிராசஸர் உதறலைச் சுருக்கும், அவ்வளவுதான். கேமின் தொடக்கத்தில் ஷேடர் தயாராகிறது என்று காட்டும் பட்டை முடியும்வரை பொறுத்திருங்கள். டிரைவரைப் புதுப்பித்த பிறகு ஓரிரு நாள் உதறல் கூடுவதும் இதனால்தான்.

கேமராவை வேகமாகத் திருப்பும்போதெல்லாம் உதறுகிறதா? அல்லது சிறிது நேரம் நன்றாக ஓடி, வெவ்வேறு பகுதிகளைச் சுற்றிய பிறகு உதறல் தொடங்கி, கேமை மூடித் திறந்தால் சரியாகிறதா? வீடியோ மெமரியைச் சந்தேகியுங்கள். 3 ஜிபி, 4 ஜிபி கார்டுகளில் இது அன்றாடக் கதை; இன்றைய சில கேம்கள் உச்ச டெக்ஸ்சரில் 8 ஜிபியையும் நிரப்பிவிடுகின்றன. நிரம்பி வழிந்தது ரேமுக்குப் போய், அங்கிருந்து பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாகத் திரும்பி வர வேண்டியிருப்பதால்தான் உதறல். டெக்ஸ்சரை ஒரே ஒரு படி இறக்கிவிட்டு கேமை மறுபடி தொடங்குங்கள். உதறல் அடியோடு நின்றால் நோய் உறுதி. அந்த ஒரு படி இறக்கத்தோடு வாழ முடிந்தால் கார்டை வைத்துக்கொள்ளலாம். முடியாவிட்டால், அடுத்த கார்டில் வேகத்தைப் பார்ப்பதற்கு முன் மெமரியின் அளவைப் பாருங்கள். ஆஃப்டர்பர்னரில் மொத்த மெமரி, கேம் மட்டும் எடுத்துக்கொள்ளும் மெமரி என்று இரண்டு அளவுகள் உண்டு. இரண்டாவதைத் திரையில் வைத்தால் குழப்பம் குறையும்.

பிரவுசர் திறந்திருக்கும்போது கூடுதலாக உதறினால், ஆல்ட்-டேப் செய்து திரும்பும்போது நீண்ட நேரம் உறைந்தால், ரேம் போதவில்லை. 8 ஜிபியிலிருந்து 16 ஜிபிக்குப் போவது பழைய கணினியில் செய்யக்கூடிய மிகத் திருப்தியான மாற்றங்களில் ஒன்று. 16இலிருந்து 32க்குப் போவதில் அந்தப் பாய்ச்சல் கிடைக்காது. சில கேம்களும், பக்கத்தில் ஓடும் மற்ற வேலைகளும்தான் அதைக் கேட்கும். பழைய குச்சியோடு வேறு வகைக் குச்சியைச் சேர்த்தால் இரண்டும் மெதுவானதன் வேகத்திலேயே ஓடும். சில நேரம் எக்ஸ்எம்பி நிலைக்காமலும் போகும். முடிந்தவரை ஒரே பெட்டியில் வரும் ஜோடியாக வாங்குங்கள். போர்டு டிடிஆர்3 என்றால் இந்தச் செலவே வேண்டாம்.

வேகமாக ஓட்டிச் செல்லும்போது, அதாவது புதிய நிலப்பரப்பு வரும்போது மட்டும் உதறினால், கேம் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். வேறு ஆராய்ச்சி தேவையில்லை.

மேலே சொன்ன எதுவும் இல்லாமல், உதறும் கணத்தில் நான்கு கோர்களும் ஒன்றாக 100ஐத் தொட்டால், நான்கு திரெட் பிராசஸரின் மூச்சு முட்டுகிறது. சராசரி எஃப்பிஎஸ் நன்றாக இருந்தும் ஆட்டம் கரடுமுரடாக இருப்பது இதன் அடையாளம். எஃப்பிஎஸ்ஸை 60க்கோ 50க்கோ வரம்பிட்டுப் பாருங்கள். பிராசஸருக்குச் சற்று இளைப்பாற நேரம் கிடைத்து உதறல் கணிசமாகக் குறையும். புதிய போர்டு வாங்கும்வரை நன்றாகத் தாங்கும் வைத்தியம் இது.

## தொடக்கத்தில் நன்றாக ஓடி, கால் மணி நேரத்தில் மந்தமாகிறது

வெப்பம். இன்டெல் பிராசஸர்கள் பலவும் 100 டிகிரியை ஒட்டியும், ரைசன் பிராசஸர்கள் பலவும் 95 டிகிரியை ஒட்டியும் தங்களைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். வெப்பம் ஏறும்போது வேக எண் இறங்கினால் ஐயமே இல்லை.

கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு அதே கேமை ஓட்டுங்கள். வெப்பம் பத்து டிகிரி போலக் குறைந்தால் காற்றோட்டம்தான் குறை: முன்பக்கம் கண்ணாடியால் அடைபட்ட கேபினெட், தூசி படிந்த வலை, அல்லது போதாத ஃபேன். குறையவே இல்லை என்றால் கூலரின் இறுக்கத்தையும் தெர்மல் பேஸ்ட்டையும் பாருங்கள். பல ஆண்டு பழைய பேஸ்ட் காய்ந்து வெடித்திருக்கும்; துடைத்துவிட்டுப் புதிதாக வைப்பது எளிதான வேலை. தூசியை ஊதும்போது ஃபேன் இதழ்களை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுழல விடாதீர்கள். கிராபிக்ஸ் கார்டில் சாதாரண வெப்பநிலையோடு ‘ஹாட் ஸ்பாட்’ (மிகச் சூடான புள்ளி) அளவையும் பாருங்கள். இரண்டுக்கும் இடைவெளி 30 டிகிரியைத் தாண்டினால் கார்டின் பேஸ்ட் போய்விட்டது. கார்டைப் பிரிக்கும்போது மெமரி சில்லுகளின் மேலுள்ள மெத்தென்ற பட்டைகள் கிழிந்தால், அதே தடிமனில் மாற்று தேவைப்படும். அதைத் தயாராக வைத்துக்கொள்ளாமல் திருகாணியைத் தொட வேண்டாம்.

## கேம் உச்சத்தில் இருக்கும்போது கணினி அணைந்துவிடுகிறது

அணையும் விதத்தை உற்றுப் பாருங்கள். விளக்கு, ஃபேன் எல்லாம் ஒரே நொடியில் செத்துவிட்டால், அல்லது உடனே தானாக மறுபடி தொடங்கினால், பவர் சப்ளையே முதல் சந்தேகம். திரை கறுத்து, ஒலி மட்டும் தொடர்ந்து, கார்டின் ஃபேன் முழு வேகத்தில் இரைந்தால் கார்டு அல்லது அதன் டிரைவர். நீலத் திரை வந்தால் ரேமும் டிரைவரும். எக்ஸ்எம்பியை அணைத்துப் பாருங்கள், ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ ஓர் இரவு ஓட விடுங்கள். விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் ‘கெர்னல்-பவர் 41’ என்று இருப்பதை வைத்து மட்டும் பவர் சப்ளையை மாற்றிவிடாதீர்கள். கணினி முறையாக அணைக்கப்படவில்லை என்பதை மட்டுமே அது சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை.

பவர் சப்ளையைச் சோதிக்க எளிய வழி, ஆஃப்டர்பர்னரில் கார்டின் பவர் வரம்பை 70 விழுக்காட்டுக்கு இறக்குவது. அணைவது நின்றுவிட்டால், உச்சச் சுமையைத் தாங்க முடியாத ஏதோ ஒன்று இருக்கிறது. முதலில் கேபிள்களைப் பாருங்கள். இரண்டு 8 பின் சாக்கெட் உள்ள கார்டுக்கு ஒரே கேபிளின் இரு கிளைகளைச் செருகியிருந்தால், தனித்தனிக் கேபிளாக மாற்றுங்கள். மதர்போர்டு ஸ்லாட் 75 வாட், 6 பின் இணைப்பு 75 வாட், 8 பின் இணைப்பு 150 வாட் தரும் என்பதே அளவுகோல். ஆனால் நவீன கார்டுகள் மில்லி விநாடிக் கணக்கில் அதைவிட வெகுவாக எகிறும். பெயர்ப்பலகையில் 600 வாட் என்று எழுதிய மலிவான பழைய சப்ளை அந்த எகிறலில்தான் கைவிரிக்கிறது.

புதிய கார்டு வாங்குபவர்கள் பவர் சப்ளையின் வயதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வலியுறுத்திச் சொல்கிறேன். உத்தரவாதக் காலம் முடிந்த சப்ளையோடு புதிய கார்டை இணைப்பதைவிட, ஒரு படி கீழான கார்டும் நல்ல சப்ளையும் வாங்குவது மேல். இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். கேபிள்களைக் கழற்றி மாட்டும் வகைச் சப்ளையில் பழையதன் கேபிள்களைப் புதியதில் பயன்படுத்தவே கூடாது. முனை ஒரே மாதிரி பொருந்தினாலும் உள்ளே கம்பி வரிசை மாறியிருக்கும், டிரைவும் போர்டும் எரிந்துபோகும். பவர் சப்ளையை நீங்களே திறக்காதீர்கள். இணைப்பைத் துண்டித்த பின்பும் உள்ளே உயிருக்கு ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கலாம்.

## லோடிங் முடிவதற்குள் பொறுமை போய்விடுகிறது

ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறுங்கள். சாட்டா எஸ்எஸ்டியே விநாடிக்கு ஏறத்தாழ 550 எம்பி வரை படிக்கும். அதைவிடப் பல மடங்கு வேகமான என்விஎம்இ டிரைவ் காகிதத்தில் பிரமிப்பாக இருந்தாலும், பெரும்பாலான கேம்களில் லோடிங் நேரத்தில் சில விநாடிகளே வித்தியாசம். போர்டில் அதைச் செருகும் எம்.2 ஸ்லாட் இருந்தால் என்விஎம்இ வாங்குங்கள், இல்லாவிட்டால் ஏங்க வேண்டாம். சில போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டை நிரப்பினால் ஒன்றிரண்டு சாட்டா இணைப்புகள் செயலிழக்கும். ‘என் பழைய டிஸ்க் காணாமல் போய்விட்டது’ என்பதற்கு அதுவே காரணம். முன்பு வேகமாக இருந்த டிரைவ் இப்போது மந்தமானால், அது நிரம்பி வழிகிறதா என்று பாருங்கள். டிரைவின் நலத்தைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருள் மஞ்சள் நிறத்தில் எச்சரித்தால் வேறு எந்த மேம்பாட்டையும் யோசிக்காமல் முதலில் கோப்புகளை நகலெடுங்கள்.

## எண் 120 காட்டுகிறது, கண்ணுக்கு அது தெரியவில்லை

விண்டோஸின் டிஸ்பிளே அமைப்பில் மானிட்டர் 60 ஹெர்ட்ஸில் நிற்கிறது. மாற்றுங்கள். உயர்ந்த அளவு பட்டியலிலேயே இல்லை என்றால் டிஸ்பிளே போர்ட் கேபிளுக்கு மாறுங்கள். மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில் செருகப்பட்டிருக்கிறதா, மதர்போர்டிலா என்பதையும் ஒருமுறை குனிந்து பார்த்துவிடுங்கள்.

## கேம் திறக்கவே மறுக்கிறது

இங்கே வேகம் பேச்சில்லை. பாகத்தில் அந்த வசதி இருக்கிறதா இல்லையா என்பதே கேள்வி. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள், 2025இல் வந்த டூம்: த டார்க் ஏஜஸ் ஆகிய இரண்டும் ரே டிரேசிங் வன்பொருள் உள்ள கார்டைக் கட்டாயமாகக் கேட்கின்றன. ஜிடிஎக்ஸ் 1080 டிஐ தன் காலத்தின் அரசனாக இருந்தாலும் அதில் அந்த வன்பொருள் இல்லை. மேலும் ஜிடிஎக்ஸ் 900, 10 வரிசைகளுக்கான கேம் டிரைவர் மேம்பாட்டை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்தி, பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் தொடர்கிறது. இந்தக் கார்டுகள் பழைய கேம்களுக்கு இன்னும் நன்றாகவே உழைக்கும். புதியவற்றை விளையாட விரும்பினால் மாற்றத்தான் வேண்டும்.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளைக் காக்கும் வன்பொருள் வசதி) வேண்டும், வலோரன்ட், பேட்டில்ஃபீல்டு 6 போன்றவற்றின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் செக்யூர் பூட்டையும் (நம்பகமான மென்பொருளோடு மட்டும் கணினியைத் தொடங்க விடும் வசதி) கேட்கிறது. இந்த அறிவிப்பைக் கண்டதும் கணினி காலாவதியாகிவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். பல பழைய போர்டுகளில் டிபிஎம் இருந்தும் பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெல் போர்டில் பிடிடி, ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் தேடுங்கள். செக்யூர் பூட்டை இயக்க, விண்டோஸ் இருக்கும் டிரைவ் ஜிபிடி என்ற பிரிவு அமைப்பு வடிவில் இருக்க வேண்டும். பழைய எம்பிஆர் வடிவில் இருந்தால் விண்டோஸிலேயே உள்ள எம்பிஆர்2ஜிபிடி கருவி கோப்புகளை அழிக்காமல் மாற்றித் தரும். இருந்தாலும் நகல் எடுத்து வைத்த பிறகே தொடங்குங்கள்.

பிராசஸர் இன்டெல் 7ஆம் தலைமுறை அல்லது அதற்கு முந்தையது என்றால், ஒன்றிரண்டு விதிவிலக்குகள் தவிர, விண்டோஸ் 11இன் அதிகாரபூர்வப் பட்டியலில் அது இல்லை. நான்கு திரெட் உதறலும் சேர்ந்திருந்தால் போர்டு, பிராசஸர், ரேம் மூன்றையும் ஒன்றாக மாற்றும் நேரம் இது. கேபினெட், எஸ்எஸ்டி, மானிட்டர், உத்தரவாதம் மீதமுள்ள பவர் சப்ளை, அண்மையில் வாங்கிய கிராபிக்ஸ் கார்டு ஆகியவை அப்படியே புதிய கணினிக்கு வந்துவிடும். ஆகையால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்க முடியாதவர்கள், 720பி சோதனை இடம் கொடுத்தால் முதலில் பவர் சப்ளையையும் கார்டையும் வாங்கி, மற்ற மூன்றையும் பிறகு மாற்றலாம். போர்டைக் கழற்றும் முன் விண்டோஸ் உரிமத்தை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்துவிடுங்கள். கணினியோடு சேர்ந்து வந்த உரிமமாக இருந்தால் அது பழைய போர்டோடு போய்விடும். புதிய உரிமத்துக்கான செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.